மாரடைப்புக்குப் பிறகு பழுதான இதயம்: மருந்தா, ஸ்டென்ட்டா, பைபாஸா?

“அப்பாவுக்கு அட்டாக் வந்து பதினஞ்சு நாள் ஆச்சு. ஆஞ்சியோ பண்ணினதுல மூணு குழாய்லயும் அடைப்பு. பம்பிங் 30தான் இருக்காம். ஒரு டாக்டர் பைபாஸ்தான் வழிங்கறார். இன்னொருத்தர் ஸ்டென்ட் போதும்ங்கறார். சித்தப்பா, மருந்துலயே ஓட்டிடலாம்ங்கறார். நாங்க என்ன செய்யறது?”

வயதும் ஊரும் மாறி மாறி, வாசகர்களிடமிருந்து ஓயாமல் வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மகனோ மகளோதான். ஆஞ்சியோ (இதயக்குழாய்களில் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) சி.டி.யும் எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இதய ஸ்கேன்) தாளும் கையில் இருக்கும், நாளை காலைக்குள் பதில் சொல்லவேண்டியிருக்கும். அந்த ஒரு இரவில் படித்து முடிக்கக்கூடியதாக ஒன்று வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சிகிச்சையை முடிவு செய்யவேண்டியவர்கள் உங்கள் மருத்துவர்களும் நீங்களும்தான். அவர்களிடம் எதைக் கேட்பது, வரும் பதிலை எப்படி எடைபோடுவது என்பதற்கு இந்தக் கட்டுரை உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி தொடங்கிய முதல் மணி நேரங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் நேரம் அல்ல. ஈ.சி.ஜி.யில் பெரிய மாரடைப்பு என்று தெரிந்தால் அடைத்த குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திறக்கவேண்டும். பலூன், ஸ்டென்ட் வசதி பக்கத்தில் இல்லாவிட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடவேண்டும். அப்போது இரண்டாவது கருத்துக் கேட்க ஊர் ஊராய் அலைந்தால் தசைதான் சாகும். இந்தக் கட்டுரை, அந்தக் கண்டத்தைத் தாண்டி, நோயாளி ஓரளவு நிலைப்பட்ட பிறகு எழும் கேள்விகளைப் பற்றியது.

## உண்மையில் எது பழுதாகியிருக்கிறது?

‘இதயம் டேமேஜ்’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு பழுதுகள் இருக்கின்றன: ரத்தக்குழாயில் அடைப்பு, தசையில் சேதம், வால்வில் கசிவு, சுவரில் வீக்கம் அல்லது கிழிசல். பைபாஸும் ஸ்டென்ட்டும் குழாய்க்கான சிகிச்சைகள். ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயை உள்ளிருந்து திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய். பைபாஸ் என்பது வேறு ஒரு குழாயை ஒட்டி, அடைப்பைத் தாண்டி ரத்தத்தைக் கொண்டுபோகும் அறுவை. வால்வுக்கும் சுவருக்கும் தனி அறுவைகள் உண்டு. செத்துப்போன தசையை உயிர்ப்பிக்க இன்றுவரை எந்த அறுவையும் இல்லை. அந்த இடம் சில வாரங்களில் தழும்பாகிவிடும், தழும்பு சுருங்கி விரியாது.

ஆனால் அசையாமல் கிடக்கும் தசை எல்லாமே செத்த தசை அல்ல. குழாய் திறந்த பின்னும் அதிர்ச்சியில் சில நாள், சில வாரம் செயலற்றுக் கிடந்து தானாக எழும் தசை உண்டு. நெடுநாளாக ரத்தம் போதாமல், உயிரைப் பிடித்துக்கொண்டு வேலையைக் குறைத்துக்கொண்ட தசையும் உண்டு. ரத்தம் சரியாகக் கிடைத்தால் இது மீள வாய்ப்பு இருக்கிறது. கடைமடைக்குப் புதிதாக வாய்க்கால் வெட்டினால் வாடிய பயிர் நிமிரும், பட்டுப்போன பயிர் நிமிராது. பைபாஸ் அப்படி ஒரு வாய்க்கால்தான். அது மீதமிருக்கும் பயிருக்காகவும் அடுத்த வறட்சியைத் தாங்குவதற்காகவும் வெட்டப்படுகிறது.

‘ஆபரேஷன் பண்ணினா பம்பிங் 30லேர்ந்து 60க்கு வந்துடுமா?’ என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் நேர்மையான பதில், ‘அப்படி உறுதி சொல்ல முடியாது’ என்பது. சிலருக்கு நன்றாக ஏறும், சிலருக்கு ஐந்து, பத்து ஏறும், சிலருக்கு ஏறவே ஏறாது. பம்பிங் ஏறாதவருக்கும் அடுத்த மாரடைப்பிலிருந்தும் திடீர் மரணத்திலிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கலாம்.

## ஒப்பிடுவதற்கு முன் கையில் இருக்கவேண்டிய விவரங்கள்

பம்பிங் அளவும் அதை எடுத்த தேதியும். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே எக்கோ தாளில் இ.எஃப். என்று இருக்கும் எண். நல்ல இதயத்துக்கே அது 55 முதல் 70 வரைதான். ஆகவே 30 என்றால் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் என்று எண்ணி நடுங்கவேண்டாம். குறைவுதான், கவனம் தேவைதான், ஆனால் பாதி பலம் இருக்கிறது. மாரடைப்பு வந்த மூன்றாம் நாள் எக்கோவை வைத்து வாழ்நாள் தீர்ப்பு எழுதக்கூடாது, அதிர்ச்சியில் கிடக்கும் தசை எழுந்துகொள்ள நேரம் வேண்டும்.

அடைப்பு எந்த இடத்தில். எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். இடது பக்கக் குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன் உள்ள அடிமரம், அதாவது லெஃப்ட் மெயின், பாதிக்கப்பட்டிருக்கிறதா? இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் தரும் பெரிய குழாயான எல்.ஏ.டி.யின் தொடக்கத்தில் அடைப்பா? அடைப்பு நீளமானதா, சுண்ணாம்பு படிந்ததா, குழாய் பிரியும் முனையிலா? இவற்றைக் கூட்டி ‘சின்டாக்ஸ் ஸ்கோர்’ என்று ஒரு எண் தருவார்கள். 22 வரை குறைவு, 33ம் அதற்கு மேலும் என்றால் சிக்கல் அதிகம். உங்கள் அறிக்கையில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

சர்க்கரை நோய் உண்டா. நம் வீடுகளில் பெரும்பாலும் உண்டு. ஸ்டென்ட்டா, பைபாஸா என்ற கேள்வியில் இந்த ஒரு விவரம் தராசையே சாய்க்கும்.

உடம்பின் மற்ற உறுப்புகள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, நுரையீரல் எப்படி, முன்பு பக்கவாதம் வந்ததா, நோயாளி தானாக எழுந்து நடக்கிறாரா. அறுபது வயதில் படுக்கையே கதி என்று இருப்பவரைவிட எழுபத்தைந்து வயதில் தினம் கடைக்குப் போய்வருபவர் அறுவையை நன்றாகத் தாங்கலாம்.

வீட்டு நிலை. இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் தள்ள முடியுமா, ஒரு வருடம் ஒருநாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிடும் ஆளா, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள். மருத்துவர் இதையெல்லாம் கேட்கமாட்டார் என்று நினைக்காதீர்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், சிகிச்சை முடிவில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

## மருந்து மட்டும்

‘மருந்துதான்’ என்றால் ‘கைவிட்டுட்டாங்க’ என்று பல வீடுகளில் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. பம்பிங் குறைந்த இதயத்துக்கு இன்று நான்கு வகை மருந்துகள் அடித்தளம். பீட்டா பிளாக்கர் (மெட்டோபிரலால், பைசோபிரலால், கார்வெடிலால்) ஒன்று. ராமிபிரில், எனலாபிரில் போன்றவை, அல்லது அவற்றின் இடத்தில் சாக்குபிட்ரில்-வல்சார்ட்டன், இரண்டாவது. மூன்றாவது ஸ்பைரனோலாக்டோன் அல்லது எப்லெரனோன். நான்காவது, சர்க்கரைக்காக வந்து இப்போது இதயத்துக்கும் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். இவற்றோடு ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடினும் சேரும். இவை ஆயுளைக் கூட்டுகின்றன, மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கின்றன, சிலருக்குப் பம்பிங்கையும் ஏற்றுகின்றன.

ஸ்டென்ட் வைத்தாலும் பைபாஸ் செய்தாலும் இந்த மாத்திரைகள் நிற்கப்போவதில்லை. ‘ஆபரேஷன் பண்ணிட்டா மாத்திரை வேண்டாம்’ என்ற எண்ணத்தில் பைபாஸுக்கு ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தோடு அறுவை அரங்குக்குள் போகவேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இதில் பொறுமைதான். சின்ன அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்து, பொட்டாசியமும் கிரியாட்டினினும் சோதித்து, படிப்படியாக ஏற்றவேண்டும். நடுவில் யாராவது தலைசுற்றலுக்குப் பயந்து பாதி அளவிலேயே நிறுத்திவிட்டால் பயனும் பாதிதான். எத்தனையோ பேர் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய தொடக்க அளவையே மூன்று வருடம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எப்போது இது சரியான தேர்வு? குழாய்கள் ஒட்டுப்போடவோ ஸ்டென்ட் வைக்கவோ முடியாத அளவு மெலிந்திருந்தால். சிறுநீரகமோ நுரையீரலோ அறுவையைத் தாங்காது என்றால். இன்னொரு சூழலும் உண்டு, நம் ஊரில் இது அதிகம்: வலியை வாயு என்று நினைத்து வீட்டிலேயே இருந்து, நான்கைந்து நாள் கழித்து வருபவர்கள். குழாய் முழுதும் மூடிப்போய், வலியும் இல்லாமல், நிலையாக இருப்பார்கள். இப்படி மாரடைப்பு வந்து 3 முதல் 28 நாள் ஆனவர்களை வைத்து ‘ஓட்’ என்ற ஆய்வு 2006இல் வெளிவந்தது. 2,166 பேரில் ஒரு பாதிக்கு அந்த மூடிய குழாயை ஸ்டென்ட் வைத்துத் திறந்தார்கள், மறுபாதிக்கு மருந்து மட்டும் கொடுத்தார்கள். நான்கு வருடத்தில் இறப்பிலோ மறு மாரடைப்பிலோ இதயச் செயலிழப்பிலோ ஸ்டென்ட்டால் பலன் இல்லை. தாமதமாக வந்தவருக்கு வலி தொடர்ந்தால், மற்றக் குழாய்களிலும் பெரிய அடைப்பு இருந்தால் கதை வேறு. ஆனால் மூடிப்போன ஒரே குழாயை, வலியற்ற நோயாளிக்கு, கடன் வாங்கித் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

## ஸ்டென்ட்

1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலில் விழித்திருந்த நோயாளியின் இதயக்குழாயைப் பலூனால் விரித்தார். இந்தியாவில் அதைத் தொடங்கிவைத்தவர் மருத்துவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல், சென்னையில். கையிலோ தொடையிலோ ஒரு சிறு துளை, மயக்க மருந்து தேவையில்லை, இரண்டு மூன்று நாளில் வீடு. இந்த எளிமைதான் ஸ்டென்ட்டின் பெரும் பலம். வயதானவருக்கும், நுரையீரல் பலவீனமானவருக்கும் இது சில சமயம் ஒரே வழி.

மாரடைப்பின்போது ஒரு குழாயைத் திறந்துவிட்டு, ‘மத்த ரெண்டுல இருக்கற அடைப்பை அப்புறம் பாக்கலாம்’ என்று அனுப்பினால் என்ன செய்வது? 2019இல் வந்த ‘கம்ப்ளீட்’ ஆய்வு இதற்குப் பதில் தந்தது. 4,041 பேரில், மீதி அடைப்புகளையும் சில வாரங்களுக்குள் ஸ்டென்ட் வைத்து முடித்தவர்களுக்கு, இதயக் காரண மரணமோ மறு மாரடைப்போ 7.8 சதவீதம். முதல் குழாயோடு நிறுத்தியவர்களுக்கு 10.5 சதவீதம். ஆகவே பம்பிங் ஓரளவு நன்றாக இருந்து, அடைப்புகள் எளிமையாக இருந்தால், மீதியையும் முடித்துக்கொள்வது நல்லது.

பம்பிங் 35க்குக் கீழே போனவர்களுக்கு அதே நம்பிக்கையைத் தர முடியவில்லை. பிரிட்டனில் 700 பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான ‘ரிவைவ்ட்’ ஆய்வில், மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களில் 37.2 சதவீதம் பேருக்கு மரணமோ, இதயச் செயலிழப்பால் மருத்துவமனைச் சேர்க்கையோ நேர்ந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 38 சதவீதம். பம்பிங் ஏறியதிலும் வித்தியாசம் இல்லை. அந்த நோயாளிகள் உயிருள்ள தசை இருக்கிறதென்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதையும் கவனியுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களையும் கடும் நெஞ்சுவலி உள்ளவர்களையும் அதில் சேர்க்கவில்லை. வலிக்காக வைக்கும் ஸ்டென்ட் வேறு, ‘பம்பிங் ஏறும்’ என்று வைக்கும் ஸ்டென்ட் வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் மிகவும் மெலிது.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. அதற்கு முன் ஒன்று லட்சத்தைத் தாண்டியதும் உண்டு. அதன்பின் உச்சவிலை அவ்வப்போது திருத்தப்படுகிறது. ஆனால் மூன்று, நான்கு ஸ்டென்ட் என்றால், கூடவே பலூன், கம்பி, அரங்கக் கட்டணம் என்று சேரும்போது பில் பைபாஸை எட்டிவிடலாம். ‘ஸ்டென்ட்னா சீப்’ என்பது ஒன்றிரண்டு வரைதான் உண்மை.

அடுத்தது மாத்திரை. மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்ட் என்றால் ஆஸ்பிரினோடு, ரத்தக்கட்டியைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் பொதுவாக ஒரு வருடம். பல் பிடுங்க, குடலிறக்க அறுவைக்கு, கோயில் பயணத்தில் தீர்ந்துபோனதால் என்று எந்தக் காரணத்துக்காகவும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் ஆஞ்சியோவில் செலுத்தும் சாய மருந்தும் ஒரு சுமை.

ஆஞ்சியோ மேசையில் படுத்திருக்கும்போதே, ‘அடைப்பு இருக்கு, இப்பவே ஸ்டென்ட் வெச்சுடலாமா?’ என்று வெளியே நிற்கும் உறவினரிடம் கையெழுத்துக் கேட்கும் வழக்கமும் உண்டு. மாரடைப்பு அவசரத்தில் அது சரி. நிலையாக இருக்கும் நோயாளிக்கு மூன்று குழாய் அடைப்போ, லெஃப்ட் மெயின் அடைப்போ தெரிந்தால், மேசையிலிருந்து இறக்கிவிட்டு அறுவை மருத்துவரிடமும் கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்வதில் தவறே இல்லை. அதில் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

## பைபாஸ்

கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ 1967இல் காலின் சிரையை எடுத்து அடைப்பைத் தாண்டி ஒட்டுப்போட்டு இந்த அறுவையை உலகறியச் செய்தார். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், மருத்துவர் கே.எம். செரியன் கையால் நடந்தது. அரை நூற்றாண்டாக நம் ஊரில் நடக்கும் அறுவை இது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் செய்கிறார்கள்.

பம்பிங் 35க்கும் கீழ் உள்ளவருக்கு இது பலன் தருமா என்பதற்கு நம்மிடம் உள்ள மிக முக்கியமான சான்று ‘ஸ்டிச்’ என்ற ஆய்வு. 1,212 பேர். ஒரு பாதிக்கு மருந்து மட்டும், மறுபாதிக்கு மருந்தோடு பைபாஸ். 2011இல் ஐந்தாண்டுக் கணக்கு வந்தபோது மொத்த இறப்பில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. அப்போது பலர் ‘பைபாஸ் வீண்’ என்றே முடிவு கட்டினார்கள். 2016இல் பத்தாண்டுக் கணக்கு வந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 66.1 சதவீதம் பேரும் பைபாஸ் செய்தவர்களில் 58.9 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். சராசரி ஆயுளில் ஏறத்தாழ ஒன்றரை வருடம் கூடுதல்.

இந்த எண்களில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது அந்தக் கணக்கின் காலவரிசைதான். அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் பைபாஸ் பிரிவில்தான் இறப்பு அதிகம். ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்தே கோடுகள் இடம் மாறுகின்றன. பைபாஸ் என்பது இன்றைக்கு ஓர் ஆபத்தை ஏற்று, நாளைக்கு வருடங்களை வாங்குவது. ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்த வருடங்கள் முன்னே நீண்டு கிடக்கின்றன, அதனால் அந்த ஆய்விலேயே வயது குறைந்தவர்களுக்குத்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. எண்பது வயதில், சிறுநீரகமும் கைவிட்டவருக்கு, அந்தக் கணக்கு பெரும்பாலும் நேராகாது. ‘அப்பாவுக்கு எது நல்லது?’ என்பதற்குள் ‘அப்பாவுக்கு இன்னும் எத்தனை வருடங்கள் எதிர்பார்க்கலாம்?’ என்ற கேள்வி இருக்கிறது. கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் கேட்டுவிடவேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்டிச் ஆய்வில் ஆள் சேர்த்தது 2002 முதல் 2007 வரை. டாபாகிளிஃப்ளோசின், சாக்குபிட்ரில் போன்றவை அப்போது இல்லை. இன்றைய மருந்தோடு ஒப்பிட்டால் பைபாஸின் கூடுதல் பலன் அதே அளவு இருக்குமா என்பதில் நேர்மையான மருத்துவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். உங்கள் இரண்டு மருத்துவர்கள் வேறுபட்டுப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம், யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

‘உயிருள்ள தசை எவ்வளவு’ என்று பார்க்கும் ஸ்கேன்கள் உண்டு. அவற்றில் தசை இல்லை என்று வந்தால் பைபாஸ் பயனற்றது என்று சொல்லிவிடலாம்போலத் தோன்றும். ஸ்டிச் ஆய்விலேயே 601 பேருக்கு இதைச் சோதித்தார்கள். யாருக்குப் பைபாஸ் பலன் தரும் என்பதை அந்த ஸ்கேன் பிரித்துச் சொல்லவில்லை. ஸ்கேன் ஒரு தகவல், அதை மட்டும் வைத்து ஆமென்றோ இல்லையென்றோ முடிவெடுக்கக்கூடாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ‘ஃப்ரீடம்’ ஆய்வு (2012) தெளிவாகப் பேசுகிறது. பல குழாய் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகள். ஐந்து வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து, ஸ்டென்ட் பிரிவில் 26.6 சதவீதம், பைபாஸ் பிரிவில் 18.7 சதவீதம். ஆனால் பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம்: 5.2க்கு எதிராக 2.4. அவர்களில் பெரும்பாலோர் பம்பிங் நன்றாக இருந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதைப் படிக்கவேண்டும்.

அறுவை மருத்துவரிடம் மறக்காமல் கேட்கவேண்டியது: எல்.ஏ.டி.க்கு மார்பின் உள்பக்கத் தமனியை ஒட்டுவீர்களா? அந்தத் தமனி ஒட்டு பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கும். கால் சிரை ஒட்டுகளில் பத்து வருடத்தில் ஏறத்தாழப் பாதி அடைத்துப்போகும். புகைப்பழக்கம் தொடர்ந்தால், ஸ்டாடினை நிறுத்தினால் அதற்கு முன்பே.

வெளியே தெரியாத செலவுகள் இதில்தான் அதிகம். நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு. அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, டூவீலர் ஓட்டக்கூடாது, ஒருக்களித்துக் கையூன்றி எழக்கூடாது. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு நெஞ்சுக் காயத்தில் சீழ் பிடித்தால் மருத்துவமனை வாசம் வாரக்கணக்கில் நீளும். ஒட்டு எடுத்த கால் மாதக்கணக்கில் வீங்கும். மூன்று பேரில் ஒருவருக்கு முதல் வாரத்தில் துடிப்பு தாறுமாறாகும், பெரும்பாலும் சரியாகிவிடும். மனச்சோர்வு, எரிச்சல், தூக்கமின்மை பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த அப்பா எதற்கெடுத்தாலும் அழுதால் பயப்படாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். குருதிக்கொடையாளர்களைத் தேடுவதும், கூட இருப்பவரின் சம்பளம் போவதும், வெளியூர் என்றால் அறை வாடகையும் எந்தப் பில்லிலும் வராதவை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இருந்தால் சேரும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் அனுமதி வாங்குங்கள், பிறகு அலைய நேர்ந்தால் பாதிக் கதவு மூடியிருக்கும்.

## பைபாஸோடு சேர்த்து: சுவரும் வால்வும்

பெரிய மாரடைப்புக்குப் பின் இதயத்தின் முன்சுவர் மெலிந்து பலூன்போல் புடைத்துக்கொள்வது உண்டு. டென்டன் கூலி 1958இல் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதை வெட்டி எடுத்தார். 1980களில் மொனாக்கோவின் வின்சென்ட் டோர், உள்ளே ஒரு ஒட்டுத்துணி வைத்து அறையின் வடிவத்தையே மீட்கும் முறையைக் கொண்டுவந்தார். ‘டேமேஜ் ஆன இடத்தை எடுத்துட்டு இதயத்தைச் சின்னதாக்கிடுவோம்’ என்று சொல்வது இதைத்தான். கேட்க நம்பிக்கை தரும். ஆனால் 1,000 பேரில், பைபாஸ் மட்டும் செய்தவர்களையும் இதையும் சேர்த்துச் செய்தவர்களையும் ஒப்பிட்டு 2009இல் ஸ்டிச் குழு சொன்னது: அறையின் அளவு நன்றாகச் சுருங்கியது, ஆயுளோ மருத்துவமனைச் சேர்க்கையோ மாறவில்லை. அதனால் இன்று இது எல்லோருக்குமான அறுவை அல்ல. உண்மையான பெரிய வீக்கம், அதனால் தீராத மூச்சுத்திணறல், ஆபத்தான துடிப்புக் கோளாறு, திரும்பத் திரும்ப ரத்தக்கட்டி என்றிருப்பவருக்கு, இதில் கை தேர்ந்த குழு இருக்கும் இடத்தில் மட்டும் யோசிக்கலாம். சுவரே கிழிந்து, வெளியுறை மட்டும் பிடித்துவைத்திருக்கும் ‘போலி வீக்கம்’ வேறு. அது வெடிக்கும், தள்ளிப்போடாமல் அறுவை செய்யவேண்டும்.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வில் கசிவு பலருடைய எக்கோவில் இருக்கும். மிதமான கசிவு என்றால், பைபாஸோடு வால்வையும் சேர்த்துத் தைத்ததால் இரண்டு வருடத்தில் பெரிய லாபம் இல்லை என்று ஆய்வு சொல்கிறது. கடுமையான கசிவுக்குத் தைப்பதா, மாற்றுவதா என்று 251 பேரிடம் பார்த்ததில், தைத்தவர்களில் 58.8 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்தில் கசிவு திரும்பியது. மாற்றியவர்களில் 3.8 மட்டுமே. இறப்பில் வித்தியாசம் இல்லை. ‘சொந்த வால்வையே காப்பாத்திடலாம்’ என்பது வயதின் தேய்மானத்துக்குப் பொருந்தும் அளவு இங்கே பொருந்தாது.

மாரடைப்பு வந்த சில நாளில் இரு கீழறைகளுக்கும் நடுச்சுவர் ஓட்டையாவதும், வால்வைத் தாங்கும் தசை அறுந்துபோவதும் அரிது. வந்தால் மருந்தால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட இயலாது. ஓட்டையை மூடும் அறுவையிலும் பத்துக்கு நான்கு பேர் இறக்கிறார்கள். ஒரு வாரம் தாக்குப்பிடித்த பின் செய்தவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைவு, ஆனால் எல்லோராலும் அந்த ஒரு வாரத்தைத் தாண்ட முடிவதில்லை. இதில் குடும்பம் ஒப்பிட எதுவுமில்லை, அனுபவமுள்ள பெரிய மையத்துக்கு உடனே போகவேண்டும்.

இவை எதுவும் போதாத நிலையில் மாற்று இதயம், அல்லது ரத்தத்தை இறைக்கும் இயந்திரம். இயந்திரத்தின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. மாற்று இதயத்துக்கு தமிழ்நாட்டில் உறுப்புமாற்று ஆணையத்தின் பட்டியலில் பெயர் பதியவேண்டும். பம்பிங் 20க்குக் கீழே போய், மருந்தையும் மீறி அடிக்கடி மருத்துவமனையில் சேரும் ஐம்பது வயதுக்காரர் என்றால், பைபாஸ் பற்றிப் பேசும் அதே நாளில் இதையும் கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | மருந்து மட்டும் | ஸ்டென்ட் | பைபாஸ் | பைபாஸ் + சுவர்/வால்வு |
|---|---|---|---|---|
| எதைச் சரிசெய்கிறது | இதயத்தின் சுமை | குறிப்பிட்ட அடைப்பு | குழாய் முழுவதற்கும் மாற்று வழி | வடிவம், கசிவு |
| பம்பிங் 35க்குக் கீழ் | எல்லோருக்கும் அடித்தளம் | ஆயுள் கூடியதற்குச் சான்று இல்லை | பத்து வருடக் கணக்கில் ஆயுள் கூடுகிறது | தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் |
| சர்க்கரை + பல குழாய் | போதாமல் போகலாம் | இரண்டாம் தேர்வு | முதல் தேர்வு | தேவைப்பட்டால் |
| உடனடி ஆபத்து | மிகக் குறைவு | குறைவு | கணிசம் | அதிகம் |
| வேலைக்குத் திரும்ப | உடல்நிலைப்படி | ஓரிரு வாரம் | இரண்டு, மூன்று மாதம் | மூன்று மாதமும் அதற்கு மேலும் |
| மறைந்த செலவு | தொடர் சோதனை, அளவு ஏற்றுதல் | ஓராண்டு இரட்டை மாத்திரை, மறுபடி ஸ்டென்ட் | சம்பள இழப்பு, காயம், கூட இருப்பவர் | பைபாஸின் எல்லாமும், நீண்ட ஐ.சி.யு.வும் |

## விளம்பரத்தில் வரும் ‘இயற்கை பைபாஸ்’

இதை ஒரு தேர்வாக நான் ஏற்கவில்லை. ஆனாலும் கேட்பவர்கள் அதிகம் என்பதால் எழுதுகிறேன். காலில் பட்டை கட்டிக் காற்றழுத்தம் தரும் இ.இ.சி.பி., வேறு வழியில்லாத சிலருக்கு நெஞ்சுவலியைக் குறைக்கலாம். லெஃப்ட் மெயின் அடைப்புக்கு அது மாற்று அல்ல. ரத்தக்குழாயைக் ‘கழுவும்’ கீலேஷன் ஊசி, மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2024 முடிவின்படி பலன் இல்லை. இதயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி இன்னும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இவற்றில் போகும் பணத்தைவிட, இவற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்கள்தான் பெரிய இழப்பு.

## யாருக்கு எது

லெஃப்ட் மெயினில் பெரிய அடைப்பு, அல்லது சர்க்கரையோடு மூன்று குழாய் அடைப்பு, வயது எழுபதுக்குள், மற்ற உறுப்புகள் நன்று: பைபாஸ் பக்கம் நான் தயங்காமல் நிற்பேன், பம்பிங் 30 என்பது அதைத் தடுக்கும் காரணம் அல்ல. பம்பிங் 45க்கு மேல், ஒன்றிரண்டு எளிய அடைப்பு மட்டும்: ஸ்டென்ட் போதும். பம்பிங் 30, நெஞ்சுவலி இல்லை, எண்பதை நெருங்கும் வயது, கிரியாட்டினின் 2க்கு மேல்: நான்கு மருந்துகளையும் முழு அளவுக்கு ஏற்றுவதில் மூன்று மாதம் முனைப்பாக இருங்கள். இவற்றுக்கு நடுவில் விழுபவர்கள்தான் அதிகம். அவர்களுக்காக இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த சி.டி.யைப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தார்களா என்று கேளுங்கள், அந்தப் பேச்சின் முடிவை எழுத்தில் கேளுங்கள்.

பைபாஸ் என்று முடிவானால் குளோபிடோக்ரெல்லை ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், டிகாக்ரெலாரை மூன்று முதல் ஐந்து நாள் முன்பே. அந்த இடைவெளியில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும், பீடி சிகரெட்டை விடவும், சொத்தைப் பல் இருந்தால் காட்டவும் நேரம் கிடைக்கும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

எந்த வழியில் போனாலும் ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்: மருந்து மட்டும் என்றால் மாரடைப்பிலிருந்து குறைந்தது நாற்பது நாள் கழித்து, ஸ்டென்ட்டோ பைபாஸோ என்றால் மூன்று மாதம் கழித்து, மறுபடி எக்கோ. அப்போதும் பம்பிங் 35ஐத் தாண்டவில்லை என்றால், திடீர் துடிப்புக் கோளாறில் உயிர் போகாமல் காக்கும் ஐ.சி.டி. கருவி வேண்டுமா என்று அன்றே கேட்கவேண்டும். நெஞ்சுக் காயம் ஆறி, வலி போய், எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும் நேரம் அது. அதனாலேயே நிறையப் பேர் அந்த எக்கோவுக்குப் போவதில்லை.